ஒரு நாள் ஏற்றம், மறுநாள் இறக்கம்: ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் மாதங்கள்

கேள்வி:

வணக்கமுங்க டாக்டர். நாங்க காங்கேயம் பக்கம் ஒரு கிராமமுங்க. வீட்டுக்காரருக்கு 36 வயசு. சொந்தமா எட்டுத் தறி ஓட்டிக்கிட்டு, கொஞ்சம் பூமியும் பாத்துக்கிட்டு இருந்தாரு. போன வருசம் பிளட் கேன்சர்னு கண்டுபிடிச்சாங்க. ரிப்போர்ட்டுல ‘பி செல் ஏ.எல்.எல்.’னு போட்டிருக்குது. கோயமுத்தூர்லயே எட்டு மாசம் பெரிய கீமோ எல்லாம் முடிச்சு, ‘எம்.ஆர்.டி. நெகட்டிவ்’னு சொன்னாங்க. இப்ப மெயின்டனன்ஸ்னு வீட்டுலயே மாத்திரை, மாசம் ஒருக்கா ஊசி. நாலு மாசம் ஆச்சுங்க.

நல்லாயிருச்சுன்னு நெனச்சோம். ஆனா ஒரு நாளு தோட்டம் வரைக்கும் நடக்கறாரு, மறுநாளு எந்திரிக்கவே மாட்டீங்கறாரு. சில நாளு ராத்திரி ரெண்டு மணிக்குச் சோறு கேக்கறாரு, எரிஞ்சு எரிஞ்சு விழுகறாரு. பொறவு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறாரு. போன மாசம் கவுண்ட் கொறைஞ்சிருச்சுன்னு டாக்டரே ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிறுத்துனா நோவு திரும்பிராதுங்களா? செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடந்து வர்றாரு. எங்க அத்தை முள்சீத்தா இலைக் கசாயம் குடுக்கோணும்ங்கறாங்க. பண்ணாரியில அவரு குண்டம் எறங்கறதா வேண்டியும் இருக்கறாங்க. ரெண்டு எருதையும் வித்துத்தான் செலவு பண்ணுனோமுங்க. ராத்திரி அவரு தூங்குனதுக்கப்பறம் செல்போன் லைட்டை அடிச்சு, காலுல செவப்புப் புள்ளி வந்திருக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கறேன். எனக்குத் தூக்கமே இல்லை. மறுபடியும் வந்திருமுங்களா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள அம்மிணி,

மாத்திரையை நிறுத்திய அந்த இரண்டு வாரத்தை முதலில் பேசிவிடலாம். உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். டாக்டர் நிறுத்தச் சொன்னதால் நோய்க்கு வழி விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அப்படி நிறுத்துவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

உங்கள் பூமியில் கிணறு இருக்கும். மோட்டார் ஓடினால் தண்ணீர் இறங்கும், நிறுத்தினால் ஊற்று சுரந்து ஏறும். விடாமல் ஓடவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே யாரும் சொல்லாமல் ஓடிப்போய் அணைத்துவிடுவோம். எலும்பு மஜ்ஜையும் ஓர் ஊற்றுதான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றும் அங்கிருந்துதான் சுரக்கின்றன. மெயின்டனன்ஸ் மாதங்களில் நாங்கள் தெரிந்தேதான் அங்கே மோட்டாரைப் போட்டு வைக்கிறோம். எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்றால், பத்தாயிரம் செல்களில் ஒன்று என்ற அளவுக்குத் தேடிப் பார்த்தும் கெட்ட செல் கண்ணில் படவில்லை என்று பொருள். மிக நல்ல செய்தி. ஆனால் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கக்கூடியவையும் தலையெடுக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு ஆண்டுக்கு மேலாக மஜ்ஜையை அடக்கியே வைக்கிறோம். அதனால் அவருடைய கவுண்ட் உங்களுடையதைப் போல இருக்காது, இருக்கவும் கூடாது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மொத்தம் 2,400, நியூட்ரோபில் 50 சதவீதம் என்றால் அவருக்கு 1,200 இருக்கிறது. இதைத்தான் ஏ.என்.சி. என்கிறோம். நோயில்லாதவருக்கு 1,200 குறைவு. உங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் நாங்கள் விரும்பும் அளவு. பெரும்பாலான இடங்களில் 500-க்கும் 1,500-க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்போம். 500-க்குக் கீழே போனால் மோட்டாரை அணைத்துவிட்டு ஊறக் காத்திருப்போம். ஏறியதும் மறுபடி போடுவோம், சிலருக்கு அளவைக் குறைத்துப் போடுவோம். அவர் தினமும் சாப்பிடும் 6 எம்.பி. (மெர்காப்டோபியூரின்) மாத்திரையை உடம்பிலிருந்து கழிக்கும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். ஆசிய மக்களில், நம்மவர்களிலும், அது மெதுவாக நடக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் குறைந்த அளவே போதும். ‘பக்கத்துப் படுக்கைக்காரர் ரெண்டு மாத்திரை சாப்பிடறாரு, எங்களுக்கு ஒண்ணுதான் குடுக்கறாங்க’ என்று மனம் புழுங்க வேண்டாம்.

டாக்டர் நிறுத்துவது ஒன்று, நீங்களாக விடுவது வேறு. ‘இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், சோர்வா இருக்காரு’ என்று விடும் நாட்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. 6 எம்.பி.யை நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசியும் டிரிப்பும் முடிந்து வெறும் மாத்திரை என்றானதும் பலருக்கு அது சாதாரணமாகப் பட்டுவிடுகிறது. அது சாதாரண மாத்திரை இல்லை, அம்மிணி. 6 எம்.பி.யைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள கெர்ட்ரூட் எலியனுக்கும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு மாத்திரை மெத்தோட்ரெக்சேட். அது பிறந்த மருந்துக் குடும்பத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர்களுக்கு முன்பு இந்த நோய் வந்தவர்களைச் சில மாதங்களுக்கு மேல் காப்பாற்ற வழியே இல்லாமல் இருந்தது.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். இதை நான் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்வேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நோயாளி வாய் முழுக்கப் புண்ணோடு, எச்சில் விழுங்க முடியாமல் வந்தார். கவுண்ட் ஏறக்குறைய பூஜ்யம். கையில் ஒரு மருந்துக்கடைக் காகித உறை. அதில் நீல மையில் ‘தினமும் இரவு’ என்று எழுதியிருந்தது. மீண்டு வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது, ‘என்ன கிழமை?’ என்றுதான். செவ்வாய் என்றால் செவ்வாய். வீட்டில் தேதி கிழிக்கும் காலண்டர் இருக்குமே, இரண்டு மாதத்துக்கான செவ்வாய்க்கிழமைத் தாள்களில் இப்போதே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

அந்தக் காலண்டரில் இன்னும் வேலை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சோறு, எரிந்து விழுவது, பிறகு சுவரைப் பார்த்துப் படுப்பது, இதையெல்லாம் தேதி போட்டு எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? மாத ஊசியோடு சேர்த்து ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அந்த ஐந்து நாளும் பசி அடங்காது, தூக்கம் வராது, சின்னச் சத்தம்கூடப் பொறுக்காது. அவர் உங்கள் மேல் கோபப்படுகிறார் என்பதைவிட, அந்த மாத்திரை அவரைக் கோபப்படுத்துகிறது என்பதுதான் சரி. ஆறாம் நாள் மாத்திரை நிற்கும். ஏறிய இடத்திலிருந்து சட்டென்று இறக்கிவிட்டதுபோல உடம்பெல்லாம் வலி, ஒன்றுமில்லாததற்கு அழுகை, எழுந்திருக்க மனமில்லாமை வரும். மூன்று நான்கு நாள், சிலருக்கு ஒரு வாரம். அப்புறம் மெல்ல வெளிச்சம் தெரியும். தோட்டம் வரைக்கும் நடப்பது அந்த நாட்களில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் அடுத்த ஊசி வந்துவிடுகிறது.

நான் சொல்வது சரியா என்று நீங்களே பாருங்கள். தினமும் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் மூன்றே சொல் எழுதுங்கள்: தூக்கம் எப்படி, நடை எவ்வளவு, மனசு எப்படி. ஊசி போட்ட நாளையும் ஸ்டீராய்டு நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துத் தாளைத் தரையில் பரப்பினால், கண்டபடி ஏறி இறங்குவதாகத் தோன்றியதற்கு ஒரு வரிசை இருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘அடுத்த புதன்கிழமை படுத்துக்குவாரு, சனிக்கிழமை எந்திரிச்சிருவாரு’ என்று உங்களால் சொல்ல முடிந்தால், புதன்கிழமை உங்களைப் பயமுறுத்தாது. ஒறம்பரை விருந்து, பையன் பள்ளிக்கூட விழா, பேங்க் வேலை எல்லாவற்றையும் நல்ல வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். அவரிடமும் அந்தத் தாள்களைக் காட்டுங்கள். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டு, அதை யாரிடமும் சொல்லாத ஆண்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டைச் சாப்பாட்டோடு, கடைசி வேளையைப் பொழுது சாய்வதற்கு முன்பே கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தூக்கம் கொஞ்சம் திரும்பும். ராத்திரி பசிக்கு ஒரு கிண்ணம் அரிசீம்பருப்பு சாதம் எடுத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கொதிக்கச் சூடாக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவரோடு வாதாடாதீர்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக் கவனியுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி என்று நொண்டி நடந்தால், உடம்புவலி என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைவது உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

இனி செருப்பு. நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தில் பெரிய செய்தி. மாதம் ஒருமுறை போடும் ஊசி வின்கிரிஸ்டின். நம் வேலியோரத்தில் ஊதாவும் வெள்ளையுமாக எந்நேரமும் பூத்துக் கிடக்குமே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து எடுப்பது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த இலையை அரைக்கக் கிளம்ப வேண்டாம், விஷம். அந்த மருந்து கெட்ட செல்லை அழிப்பதோடு கை கால் நரம்புகளையும் மழுங்கடிக்கிறது. நீளமான நரம்பு முதலில் பாதிக்கப்படும், அதனால் பாதம் மரத்துப்போகிறது. முன்பாதம் தூக்காமல் தொங்குகிறதா என்று பாருங்கள். குதிகாலில் நிற்கச் சொல்லுங்கள், படி ஏறும்போது விரல் தட்டுகிறதா என்று கவனியுங்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லையா, இதையும் கேளுங்கள். எல்லாவற்றையும் அப்படியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த ஊசியின் அளவை யோசிப்பார்கள், பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். நரம்பு மறுபடி வளரும், ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முழங்காலிலிருந்து கட்டைவிரல் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால், ஏன் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பது புரியும்.

அதுவரை வாரை இழுத்துப் பூட்டும் செருப்பு வாங்கிக் கொடுங்கள். வெறுங்காலில் பூமிக்குள் இறங்கக் கூடாது. நெருஞ்சி முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. குளிக்கும் வெந்நீரை நீங்கள் கைவிட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

குண்டமும் இதே காரணத்தால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன். உங்கள் அத்தையின் வேண்டுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பங்குனியில் பண்ணாரிக்கு லட்சக்கணக்கில் ஜனம் போவது எதற்கு என்று எனக்கும் தெரியும், என் வீட்டிலும் நேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உணர்வுள்ள கால் நெருப்பை உணர்ந்து வேகமாகக் கடந்துவிடும். மரத்த கால் அங்கேயே நின்றுவிடும். புண் ஆகிவிட்டால், வெள்ளையணு குறைந்த உடம்பில் அது ஆறாது. அந்தக் கூட்டத்தில் இருமுகிறவர்கள் எத்தனை பேர்! சிகிச்சை முடிந்து, காலில் உணர்வு திரும்பியபின் இறங்கட்டும். அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘வேண்டுதலை விடலீங்க அத்தை, தள்ளி வெச்சிருக்கறோம்.’

கால் பேச்சு முடிவதற்குள் ஒரு எச்சரிக்கை. படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு இட்ராகொனசோல் வாங்கிப் போடுவது நம் பக்கம் சகஜமாகிவிட்டது. வின்கிரிஸ்டின் போட்டுக்கொள்கிறவர் அதைத் தொடக் கூடாது. அது ஊசி மருந்தை உடம்பில் தேக்கி, நரம்பைப் பல மடங்கு கெடுத்துவிடும். முள்சீத்தா இலைக் கசாயமும் இந்தக் கணக்கில்தான் வரும். 6 எம்.பி.யும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலை ஏற்கெனவே சிரமப்படுத்துகின்றன. அதன்மேல் கசாயம் போய், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு ஏறினால், நாங்கள் நிறுத்த வேண்டியது மாத்திரையைத்தான். பப்பாளி இலைச்சாறு, கடையில் விற்கும் சத்து மாத்திரை இவையும் வேண்டாம். சத்து மாத்திரையில் இருக்கும் போலிக் அமிலம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு எதிராகவே வேலை செய்யக்கூடியது. அத்தையின் கை சும்மா இருக்காது, மகனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும். அந்தக் கைக்கு வேலை கொடுங்கள். நெய் விட்ட பருப்பு சாதம், கடைந்த பச்சைப்பயறு, நன்றாக வெந்த நாட்டுக்கோழிக் குழம்பு, வீட்டிலேயே காலையில் பிழிந்த சந்தகை. சுடச்சுட, அன்றைக்குச் செய்தது, அன்றைக்கே. பழைய சோறும் கடைச் சட்னியும் கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீரும் மட்டும் இப்போதைக்கு ஆகாது.

இவ்வளவு நேரம் பொறுக்கலாம், எழுதிவைக்கலாம், அடுத்த செக்கப்பில் சொல்லலாம் என்று சொல்லி வந்தேன். காய்ச்சலுக்கு அப்படிப் பொறுக்கக் கூடாது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. 100.4 டிகிரி காட்டினால், அது சாமம் ஒரு மணியாக இருந்தாலும், மழை கொட்டினாலும், கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். மாத்திரை சூட்டைத் தணிக்கும், கிருமி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஊர் டாக்டரிடம் போய் இடுப்பில் ஊசி போடவும் கூடாது. தட்டணு குறைவாக இருந்தால் அங்கே ரத்தம் கட்டிவிடும். ஸ்டீராய்டு நாட்களில் காய்ச்சல் மறைந்தே இருக்கும். அதனால் தெர்மாமீட்டர் காட்டாவிட்டாலும் குளிர் நடுக்கம், தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் வந்தால் அதே அவசரம்தான்.

காங்கேயத்திலிருந்து கோவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அதனால் கிளம்பும்போதே போன் செய்துவிடுங்கள். வழியில் நிலைமை மோசமானால் திருப்பூரில் எங்கே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு, ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். ஒரு பையில் ஃபைல், கடைசி ரிப்போர்ட், ஒரு வேட்டி, சார்ஜர், கொஞ்சம் பணம் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற வண்டிக்காரர் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டவர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மை பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்து, அந்தக் குழந்தையோடு அவர் ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் விஷயத்தில் ஆத்தா மன்னிப்பாள்.

அவர் சுவரைப் பார்த்துப் படுப்பதற்கு ஸ்டீராய்டு இறக்கம் ஒரு காரணம் என்றேன். எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு எருதை விற்றதாக எழுதியிருக்கிறீர்கள். காங்கேயம் பக்கத்துக்காரருக்கு அது பணம் மட்டும் இல்லை. காலையில் எழுந்து வெளியே வந்தால் வெறும் கட்டுத்தரைதான் கண்ணில் படும். எட்டுத் தறி ஓடிய குடோன் நின்று கிடக்கும், அல்லது வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருப்பார். தன் சிகிச்சைக்காகத்தான் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் ஒரு மனிதரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடும். இதை அவரிடம் யாராவது வாய்விட்டுப் பேசியிருக்கிறார்களா? ‘எருது போனா வாங்கிக்கலாம்’ என்று ஆறுதல் சொல்லி முடிக்காமல், ‘அதுக இல்லாம வெறுமையா இருக்குதுங்களா?’ என்று ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டு, பதிலுக்குப் பொறுத்திருங்கள்.

அவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். கவுண்ட் நன்றாக இருக்கும் வாரங்களில் காலை வெயிலில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் நடக்கட்டும். இந்தச் சோர்வு படுத்தால் கூடும், கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் குறையும். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல மருந்து அதுதான். நல்ல நாளில் ஒரேயடியாக நடந்துவிட்டு மறுநாள் விழுவதைத் தவிர்க்க, நல்ல நாளிலும் பாதி தூரத்தில் திரும்பிவிட வேண்டும். சாணி வழிப்பது, பூஞ்சை பிடித்த தட்டுப்போரைக் கலைப்பது, தறிக்குடோனில் பஞ்சுத் தூசிக்குள் நிற்பது இவை வேண்டாம். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் பெரிய வம்பு. நூல் கணக்கு, பாவு கணக்கு, ஏவாரிக்குப் போன் பேசுவது எல்லாம் வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்யலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஏதோ ஒரு முடிவு அவர் கையில் இருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எந்த நாளும் முகம் தெளியவில்லை, ஸ்டீராய்டு கணக்குக்கும் பொருந்தவில்லை, ‘நான் இல்லீன்னா உங்களுக்குச் சௌரியம்’ என்பதுபோல ஒரு சொல் வந்தது என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசாங்க எண் இரவும் பகலும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம்.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருப்பீர்களோ என்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுகிற நோய் இல்லை, பக்கத்தில் படுக்கலாம், தொடலாம். இந்த மாத்திரைகள் ஓடும் காலத்தில் கரு உண்டாகக் கூடாது என்பதால் ஆணுறை வேண்டும். அடுத்த குழந்தை பற்றிச் சிகிச்சை முடிந்த பிறகு டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.

மறுபடியும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் அது பொய்யாகிவிடும். பெரியவர்களுக்கு வரும் இந்த நோய் சிலருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். ஐந்து ஆண்டு தாண்டினால் நாங்கள் குணமாகிவிட்டது என்றே பேச ஆரம்பிப்போம். அவருடைய எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்பது எங்களிடம் இருக்கும் அடையாளங்களிலேயே மிக நம்பிக்கையானது. அதைத் தக்கவைக்க நீங்கள் செய்யக்கூடியது மாத்திரையைத் தவறவிடாமல் கொடுப்பது, அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். திரும்பினாலும் அதோடு கை விரித்துவிடும் காலம் போய்விட்டது. ஐ.ஐ.டி. மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் வெள்ளையணுவையே எடுத்து மாற்றி, கெட்ட செல்லைத் தாக்கவிடுவது) 2023-ல் நம் நாட்டிலேயே அனுமதி கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருக்கும் பி செல் வகை நோய்க்கானது அது.

அந்த செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள் என்று சொன்னால் உங்களால் முடியாது. அதனால் நேரத்தை மாற்றித் தருகிறேன். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, அவருக்குத் தெரிந்தே, வெயில் வெளிச்சத்தில் திண்ணையில் காலை நீட்டி உட்காரச் சொல்லிப் பாருங்கள். மரத்த பாதத்தில் முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று எப்படியும் பார்க்கத்தானே வேண்டும், இரண்டும் ஒன்றாக முடியும். சிவப்பாகத் தெரிந்தால் விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போது மறைந்தால் கொசுக்கடியோ வேர்க்குருவோதான். அழுத்தியும் மறையாமல், குண்டூசித் தலை அளவில் கூட்டமாக இருந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், டாக்டருக்குப் போன் செய்யுங்கள், தட்டணு பார்ப்பார்கள். அதுவும் மாத்திரையால் வந்த குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ராத்திரியில் பார்க்கவே வேண்டாம். உங்கள் அம்மாவையோ நங்கையாவையோ வாரத்தில் ஒரு நாள் துணைக்குப் படுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கிழித்த காலண்டர் தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் ‘எப்படி இருக்காரு?’ என்று கேட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் ‘பரவால்லீங்க’ என்று வாயில் வந்துவிடும், வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள், அவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். உட்கார்ந்ததும் முதலில் செருப்பைச் சொல்லுங்கள்.